வெயில் எங்கே விழுகிறது?

(பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஆசிரியரின் மனநலம்’ என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் மனநல வல்லுநர் அல்ல. 24 ஆண்டுகளாக 6ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை அறிவியல் நடத்திவரும் சாதாரண ஆசிரியை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பழக்கம்தான். ரயில் நிலையத்திலிருந்து பள்ளிவரை நடக்கும்போது வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போவது. இதைக் கேட்டு என் வீட்டுக்காரரே சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம். ஆனால், என் வகுப்பில் ஒரு பையனுக்கு நான் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்த தவறை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தப் பழக்கம்தான். அதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

பதினெட்டு முறை ‘கவனி’

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம். என் பள்ளி சென்னையில், மயிலாப்பூர்ப் பகுதியில் இருக்கிறது. தினமும் பறக்கும் ரயிலில் வந்து திருமயிலை நிலையத்தில் இறங்குவேன். அங்கிருந்து இருபது நிமிட நடை. நடக்கும்போது கையில் கைப்பேசி இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் கேட்ட விவரத்தை அனுப்ப வேண்டும், எமிஸில் பதிவேற்ற வேண்டும், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். கால்கள் மாட வீதியில் போகும்; மனம் வேறெங்கோ போகும்.

ஒருநாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். எப்படி வந்தேன் என்று நினைவே இல்லை. லஸ் முனையில் சாலையைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் கடந்தேன், வண்டிகள் நின்றிருந்தனவா, எதுவும் தெரியவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் 8ஆம் வகுப்புத் தலைவி கொஞ்சம் வாயாடி. “மிஸ், இந்த பீரியட்ல நீங்க எத்தனை தடவ ‘கவனி’ன்னு சொன்னீங்கன்னு எண்ணினேன். பதினெட்டு தடவ மிஸ்” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அன்று மாலை ரயிலில் அது உறுத்தியது. நடந்து வந்த வழியே நினைவில்லாத ஒருத்தி, நாற்பது பிள்ளைகளைப் பார்த்து நாற்பது நிமிடத்தில் பதினெட்டு முறை ‘கவனி’ என்கிறாள். கவனிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததில்லை. கவனிக்காததற்குத் திட்ட மட்டும் தெரிந்திருந்தது.

கண்களை மூடினால் தூக்கம்

அந்தச் சமயத்தில் எனக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, “தினமும் கொஞ்ச நேரம் அமைதியா உட்காருங்கம்மா” என்றார். உட்கார்ந்தேன். கண்களை மூடினால் ஒன்று, கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்யவில்லையே என்று தோன்றும். இல்லாவிட்டால் தூக்கம் வந்துவிடும். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஒரு பயிற்சியில்தான் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதைக் கேள்விப்பட்டேன். விழிப்போடு கவனித்தல் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது நடப்பதை, ‘நல்லது, கெட்டது’ என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், கவனத்தோடு பார்ப்பது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்பவர் நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் வருந்தியவர்களுக்காக இதை ஒரு பயிற்சியாக வடிவமைத்தார். ஆனால் அடிப்படை மிகப் பழையது. புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில் ஏழாவது இதுதான். பாலி மொழியில் அதன் பெயர் ‘சதி’. நம் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும். ஆசிரியர் அறையில் அந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது! தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்று அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான், நடந்துகொண்டே இதைச் செய்யலாம் என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்.

நடந்துகொண்டே, கண்களைத் திறந்துகொண்டே செய்யலாம் என்றதும் எனக்கு நிம்மதி. ஏனென்றால் எனக்கென்று ஒரு நாளில் கிடைக்கும் தனி நேரம் அந்த இருபது நிமிடம் மட்டுமே.

ஏன் வெயில்?

எதைக் கவனிப்பது? மூச்சைக் கவனித்துப் பார்த்தேன். ஆட்டோ ஹாரனில் மூச்சு காணாமல் போய்விட்டது. காலடிகளை எண்ணிப் பார்த்தேன். கூட்டத்தில் கணக்கு தப்பியது. ஒருநாள் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது எதிர்ச் சுவரில் வெயில் பளீரென்று அடித்தது. சரி, இன்றைக்கு இதையே பார்ப்போம் என்று தொடங்கினேன்.

யோசித்துப் பார்த்தால் வெயில் மிகப் பொருத்தமான பொருள். காசு கிடையாது. தினமும் வரும். நேற்றுப் போல இன்று இருக்காது. நம்மிடம் எந்த விவரமும் கேட்காது. முக்கியமாக, வெயிலைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும். கைப்பேசியைப் பார்க்கக் குனிய வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

நான் செய்வது இவ்வளவுதான். நிலைய வாசலில் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுவேன். பிறகு எனக்குள் மூன்று கேள்விகள். வெயில் எங்கே விழுகிறது? அது என்ன நிறமாக இருக்கிறது? அது அசைகிறதா, நிற்கிறதா? பதில் கிடைத்ததும் அடுத்த இடத்தைப் பார்ப்பேன். நடுவில் மனம் எமிஸுக்கு ஓடும். ஓடிவிட்டது என்று தெரிந்ததும், ‘சரி, வெயில் எங்கே?’ என்று திரும்பி வருவேன். தொடக்கத்தில் இருபது நிமிடத்தில் முப்பது தடவை ஓடியிருப்பேன். மனம் ஓடுவது தோல்வி அல்ல. ஓடியதை உணர்ந்து திரும்புவதுதான் பயிற்சி. முதல் வகுப்புப் பிள்ளை எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டு அழித்து எழுதுகிறதே, அது போலத்தான்.

ஒரு எச்சரிக்கை. நாம் பார்ப்பது வெயில் விழும் இடத்தை. சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. சாலையைக் கடக்கும்போது சாலையை மட்டும்தான் கவனிக்க வேண்டும்.

மாட வீதியில் கற்ற பாடம்

முதல் வாரத்தில் சலிப்பாகத்தான் இருந்தது. சுவரில் வெயில், தரையில் வெயில், பேருந்துக் கண்ணாடியில் வெயில். இரண்டாவது வாரத்திலிருந்து வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது.

கபாலீசுவரர் கோயில் குளம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் மேற்குக் கரையோரம் நடந்தால் சூரியன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும். தண்ணீரில் விழுந்து உடைந்த வெளிச்சம் நம் முகத்துக்கே வரும். காற்றில்லாத நாளில் அது ஒரே துண்டாக இருக்கும். ஒரு மீன் மேலே வந்தால் ஆயிரம் துண்டாகும். எத்தனையோ வருடம் அந்தக் கரையோரம் நடந்திருக்கிறேன். 2019 ஜூலையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சூரிய ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 8 நிமிடம் 20 வினாடி ஆகும் என்று எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! நிலையத்தை விட்டு வெளியே வரும்போது எதிர்ச் சுவரில் நான் பார்க்கும் வெளிச்சம், நான் ரயிலுக்குள் இருந்தபோதே சூரியனிலிருந்து கிளம்பிவிட்டது. அதை ஒருநாள் அந்தச் சுவரின் முன்னே நின்று நினைத்தபோது, பாடப்புத்தகத்து எண் முதல் தடவையாக எனக்கு உண்மையானது.

வடக்கு மாட வீதியில் ஒரு பூக்கார அம்மா உட்காருவார். ஜூலையில் தெருவின் வடக்குப் பக்கம் இருந்தவர், டிசம்பரில் தெற்குப் பக்கம் மாறியிருந்தார். “ஏம்மா, இடம் மாறிட்டீங்க?” என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “ஆடி மாசம் வெயிலு இந்தாண்ட விழும், மார்கழில அந்தாண்ட விழும். பூ வாடிடுமில்ல டீச்சரம்மா? நீங்க இத்தினி வருசமா இந்த வழியாத்தானே போறீங்க?” என்றார்.

நியாயமான கேள்வி. சூரியன் நேர்க்கிழக்கே உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் மட்டுமே. ஜூனில் வடகிழக்கே சாய்ந்து உதிக்கும். டிசம்பரில் தென்கிழக்கே சாய்ந்து உதிக்கும். ஆகவே கிழக்கு மேற்காகப் போகும் ஒரு தெருவில், ஜூன், ஜூலை மாதக் காலைகளில் வடக்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழும். டிசம்பர், ஜனவரியில் தெற்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் விழும். உத்தராயணம், தட்சிணாயணம் என்று நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்துவதை, அந்த அம்மா ஒரு கூடைப் பூவை வைத்துத் தெரிந்துவைத்திருந்தார். வெயிலால் பாதிக்கப்படுபவர்கள் வெயிலைக் கவனிக்கிறார்கள். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மரத்தடியில் சூரியன்கள்

எங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு பெரிய புங்க மரம் உண்டு. அதன் நிழலில் சிறு சிறு வட்டங்களாக வெயில் விழுந்து கிடக்கும். இலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் வட்டமாகவா இருக்கின்றன? முக்கோணம், நீளம், கோணல் என்று எல்லா வடிவத்திலும் இருக்கின்றன. அப்படியிருக்க, தரையில் விழுவது மட்டும் ஏன் வட்டம்?

ஊசித்துளைக் கேமரா! ஒவ்வொரு இடைவெளியும் ஒரு துளை. தரையில் கிடக்கும் ஒவ்வொரு வட்டமும் சூரியனின் பிம்பம். ஊசித்துளைக் கேமராவை அட்டைப் பெட்டியில் செய்துகாட்டி மதிப்பெண் போட்டிருக்கிறேன். அதே மரத்தடியில் நின்றுகொண்டு நூற்றுக்கணக்கான கேமராக்களைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்தது நினைவிருக்கும். கோவை, திருச்சி போன்ற இடங்களில் வளையமாகத் தெரிந்தது. சென்னையில் பகுதி கிரகணம். அரையாண்டு விடுமுறை. வீட்டருகே மரத்தடியில் போய் நின்றேன். தரையில் இருந்த வட்டங்கள் எல்லாம் பிறைகளாகியிருந்தன. சின்னதும் பெரியதுமாக, அத்தனையும் ஒரே பக்கம் வளைந்த பிறைகள். தெருவில் போன பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேலே பார்க்காமல் கீழே பார்த்தே கிரகணத்தைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் தன் சட்டையைப் பிடித்து விரித்து, அதில் விழுந்த பிறைகளை எண்ணினான்.

அரைகுறை நோட்டு

இப்போது அந்தப் பையனைப் பற்றி.

8ஆம் வகுப்பு. வலப்பக்க வரிசையில் இரண்டாவது பெஞ்சு. ஜூனிலிருந்து ஒழுங்காக எழுதிவந்தவன். நவம்பர் கடைசியிலிருந்து அவன் நோட்டு அரைகுறையாக இருந்தது. எழுதும்போது கழுத்தை நீட்டி நீட்டிப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்ப்பான். நான் அதட்டினேன். பெஞ்சை விட்டு எழுந்து நடுவில் வந்து நிற்பான். உட்காரச் சொன்னேன். நோட்டில் சிவப்பு மையில் ‘முழுமையாக எழுதவும்’ என்று எழுதினேன். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. ‘மெல்ல மலரும் மாணவர்கள்’ பட்டியலில் அவன் பெயரையும் சேர்த்தேன். சேட்டை, சோம்பல், வீட்டில் கவனிப்பு இல்லை. நாம் வழக்கமாகப் போடும் மூன்று காரணங்களையும் மனத்துக்குள் போட்டாயிற்று.

ஜனவரி மாதம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம். இரண்டாவது பாடவேளைக்கு அந்த வகுப்புக்குள் நுழைகிறேன். அதற்குள் ஆறு மாதப் பழக்கம் ஆகிவிட்டதே! என்னை அறியாமலே மனம் கேட்டது: ‘வெயில் எங்கே விழுகிறது?’

பலகையில் விழுந்திருந்தது. மேற்குச் சுவரில் பலகை. தெற்குச் சுவரில் பலகையை ஒட்டி ஒரு ஜன்னல். ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த ஜன்னல் வழியாக வெயில் வராது. குளிர்காலத்தில் தெற்கே சாய்ந்து, தாழ்வாகவும் வரும். மாட வீதியில் பூக்கார அம்மாவை இடம் மாற்றிய அதே வெயில், என் வகுப்பின் பலகையில் இடப்பக்கப் பாதியில் பளபளவென்று கிடந்தது.

நான் நிற்கும் இடத்திலிருந்து எழுத்து தெரிந்தது. நடு வரிசைக்கும் தெரிந்தது. நேராக வலப்பக்க வரிசைக்குப் போய், அந்தப் பையனை நகரச் சொல்லி அவன் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பலகையின் இடப்பக்கம் முழுக்க வெள்ளை. கண் கூசியது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஒளி எதிரொளித்தல் விதி: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். அந்த விதியைத்தான் அந்தப் பலகையில் எழுதி நடத்தியிருந்தேன்.

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் முதல் பாதி இல்லை. பின்பாதி ஒழுங்காக, அழகான கையெழுத்தில் இருந்தது. அவனுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதியிருந்தான். அதன் கீழே என் சிவப்பு மை.

“ஏம்ப்பா, தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“சொன்னேன் மிஸ். ‘பேசாம பலகையைக் கவனி’ன்னு சொன்னீங்க.”

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அது நான் ஒரு பாடவேளைக்குப் பதினெட்டு முறை சொல்லும் வாக்கியம். அந்த வரிசையில் இன்னும் நான்கு பேருக்கும் தெரியவில்லை. அவர்கள் இடைவேளையில் தோழர்களின் நோட்டைப் பார்த்து எழுதிச் சமாளித்திருக்கிறார்கள். இவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

நான் செய்தது, ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தியது. அவ்வளவுதான். பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தேன். வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் நெளிந்தான், “பரவால்ல மிஸ்” என்றான். எனக்குத்தான் பரவாயில்லாமல் இல்லை. ஏனென்றால் அந்த ஆண்டு மார்ச் நடுவில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. அவனுக்குப் பலகை முழுதாகத் தெரிந்தது இரண்டு மாதம்தான்.

வெயிலால் பாதிக்கப்படுபவர்கள் வெயிலைக் கவனிக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? வகுப்பில் அதைக் கவனித்தவன் அவன். கவனிக்காதவள் நான். கவனக்குறைவு என்று யாருக்காவது சிவப்பு மையில் எழுத வேண்டும் என்றால் எனக்குத்தான் எழுத வேண்டும்.

இது எதைத் தீர்க்காது?

இந்தப் பழக்கத்தை வைத்து நான் ஞானியாகிவிடவில்லை. இப்போதும் கோபம் வருகிறது. இரத்த அழுத்த மாத்திரை தொடர்கிறது. நவம்பர் மழையில் வெயிலே இருக்காது; அப்போது மேகத்துக்குள் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். தாமதமாகிவிட்ட நாளில் தலைதெறிக்க ஓடுவேன், எதையும் பார்ப்பதில்லை. ஊரடங்கில் வீட்டு ஜன்னலில் விழும் ஒரு சதுர வெயில்தான் எனக்கு மாட வீதி. பிறகு மெட்ரோ ரயில் பணிக்காகத் தகரத் தடுப்புகள் வைத்துப் பாதையே மாறிப்போனது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அந்தத் தகரத்தில் பட்டு எதிர்ச் சுவரில் அலையலையாக விழும் வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வேலைப்பளு என்பது வேலைப்பளுதான். அதை வெயிலைப் பார்த்துக் குறைக்க முடியாது. குறைக்க வேண்டியவர்களிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் தவிப்பவர்கள் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன இடைவெளி. ஒரு பிள்ளையைப் பார்த்ததும் காரணம் சொல்லிவிடுவதற்கு முன்னால், ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்று ஒரு தடவை பார்ப்பதற்கான இடைவெளி.

வகுப்பறைக்குக் கொஞ்சம்

வெறும் கையோடு போக வேண்டாம். நான் செய்துபார்த்த சிலவற்றைச் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், வகுப்பில் வெயில் விழும் இடத்தைச் சுற்றிப் பிள்ளைகளைச் சாக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் கோட்டைத் தாண்டியிருக்கும். “யார் நகர்த்தினது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வரும் பதில்களுக்கு நீங்கள் திட்டமிட்ட பாடத்தைவிட அதிக நேரம் ஆகும்.

உயர்நிலை வகுப்புகளில் மரத்தடி வட்டங்களை அளக்கலாம். வெயில் உச்சியிலிருந்து விழும்போது, வட்டத்தின் விட்டம் துளையின் உயரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு இருக்கும். வட்டம் 5 செ.மீ. என்றால் துளை 5 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. வெயில் சாய்ந்தால் வட்டம் நீள்வட்டமாகும். கணித ஆசிரியரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிழலில்லா நாளைத் தவறவிடாதீர்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. தெற்கே போகப் போக ஏப்ரலில் முன்கூட்டியே வரும்; கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில். ஆகஸ்டில் இது தலைகீழாகும். வடக்கே முதலில், தெற்கே பின்னால். ஏப்ரலில் தேர்வு இருக்கும். ஆகஸ்ட் நமக்கு வசதி. உச்சி வெயிலில் பிள்ளைகளை ஐந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்த வேண்டாம்.

தமிழாசிரியர்கள் வெயிலுக்குள்ள சொற்களைத் திரட்டச் சொல்லலாம். இளவெயில், ஏறுவெயில், உச்சிவெயில், மஞ்சள் வெயில், கத்திரி வெயில் என்று எங்கள் வகுப்பில் தொடங்கியது. ‘எல்’ என்றால் சூரியன், ஒளி. நெய்தல் நிலத்துக்குரிய ‘எற்பாடு’ என்ற பொழுதின் பெயரே சூரியன் சாய்வதிலிருந்துதான் வந்தது என்று எங்கள் தமிழாசிரியர் சொன்னார். கடலோர ஊரில் இருந்துகொண்டு அது எனக்கு அன்றுவரை தெரியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இவற்றுக்கு மதிப்பெண் போடாதீர்கள். தயவுசெய்து இதற்கென்று ஒரு பதிவேடு தொடங்காதீர்கள்!

கடைசியாக ஒன்று. நாளை காலை உங்கள் வகுப்பில் ஒருமுறை, பாடம் தொடங்கும் முன், கடைசி பெஞ்சிலும் இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்து பலகையைப் பாருங்கள். மூன்று இடம், மூன்று நிமிடம். ஜனவரியில் இன்னொரு முறை பாருங்கள். வெயில் இடம் மாறியிருக்கும்.

இருபது நிமிடம் முடிந்துவிட்டது. நான் பேச ஆரம்பித்தபோது அந்த ஜன்னல் வழியே விழுந்த வெயில் முதல் வரிசை நாற்காலியின் காலில் இருந்தது. இப்போது எங்கே இருக்கிறது என்று, கிளம்புவதற்கு முன் பேசாமல் ஒரு நிமிடம் பாருங்கள்.